அழிவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: பாதி நம்ம சிலபஸ்லயே இருக்கு!

பிளேஸ்மென்ட் தேர்வுக்கு வொகாபுலரி லிஸ்ட்டை எடுத்தாலே பலருக்குத் தூக்கம் வந்துடும். அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் பண்ணினா ரெண்டு நாள்ல பறந்துடும். ஆனா சேதம், அழிவு பற்றிய சொற்களை நீங்க ஏற்கெனவே கிளாஸ்ல தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்க.

'கரோஷன்' தெரியாத மெக்கானிக்கல் மாணவர் உண்டா? 'எரோஷன்' தெரியாத சிவில்? ரெண்டுக்கும் வேர், கொறிப்பதைக் குறிக்கும் 'ரோடெரே' என்ற லத்தீன் சொல். எலி, அணில் வகையை 'ரோடன்ட்' என்பதும் இதனால்தான். தமிழ்லயும் பாருங்க: அரிமானம், மண் அரிப்பு, கறையான் அரிக்கிறது, எல்லாம் ஒரே 'அரி'! இதெல்லாம் மெதுவா நடக்கிற அழிவு. ஒரே அடியில் இடிந்த சுவருக்கு 'எரோட்' பொருந்தாது, அதற்கு 'கொலாப்ஸ்'.

'ரும்பெரே' என்றால் உடைப்பது. குழாய் வெடித்தால் 'ரப்ச்சர்'. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் முறித்தால் 'இன்டரப்ட்'. கெட்டுப்போன ஃபைல் 'கரப்ட்'. கட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து 'ஸ்ட்ரக்சர்' வந்தது. அதே வேருக்கு முன்னால் 'டி' சேர்ந்து, கட்டியதைக் கலைக்கும் 'டிஸ்ட்ராய்' ஆனது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'டெசிமேட்'. 'டெசிமல்' மாதிரியே இதுக்குள்ளயும் பத்து இருக்கு. ரோமானியப் படையில் கலகம் செய்த பிரிவுக்குத் தண்டனையாக, பத்துப் பேருக்கு ஒருவரைச் சீட்டுப் போட்டுக் கொன்றார்கள். இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பகுதியை அழிப்பது என்று அர்த்தம் விரிந்துவிட்டது. ஈ.சி.ஈ. நண்பர்களுக்கு 'டெசிமேஷன்' டி.எஸ்.பி. பாடத்திலும் வரும். அங்கே ஃபேக்டர் 10 என்றால் பத்து சாம்பிளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைத் தூக்கி எறிவோம். ரோமானியர்களே பரவாயில்லை போல!

வேர் தெரிந்தால் மட்டும் போதாது, யாருக்கு எது என்பதும் முக்கியம். மெஷினுக்கு 'டேமேஜ்', ஆபரேட்டருக்கு 'இஞ்சுரி'. மாற்றிப் போட்டால் விபத்து ரிப்போர்ட் காமெடி ஆகிவிடும். இன்னொன்று, சேதம் எவ்வளவு அதிகமானாலும் 'டேமேஜ்' ஒருமைதான். கடைசியில் 'எஸ்' சேர்த்தால் அது கோர்ட் தரச் சொல்லும் நஷ்டஈடு. இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டில் 'புயலால் கம்பெனிக்கு நிறைய டேமேஜஸ்' என்று எழுதினால், புயல் மேல் யாரோ கேஸ் போட்டு ஜெயிச்ச மாதிரி இருக்கும்.