போல்ட் பொருந்தினால் போதாது

ஒரு காரின் பின்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றி வேறொரு மாடலில் மாட்டும் வழக்கம் பழைய கார் பிரியர்களிடையே பல நாடுகளில் உண்டு. அதில் பெயர்பெற்றது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதன் பழைய மாடல்களில் இருந்தது ஸ்விங் ஆக்ஸில். சக்கரத்தைச் சுழற்றும் தண்டுக்கு கியர்பாக்ஸ் பக்கம் மட்டுமே மூட்டு. சக்கரத்தின் பக்கம் கிடையாது. அதனால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். வேகமாகத் திரும்பும்போது காரின் பின்பக்கம் மேலெழும்ப, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, டயரின் பிடிமானம் சட்டென்று குறையலாம். எஞ்சின் பின்னால் இருக்கும் காரில் இது சிறிய குறை அல்ல.

ஃபோக்ஸ்வாகனே இதற்கு மாற்று கண்டது. 1968 மாடலின் செமி ஆட்டோமேட்டிக் பீட்டிலிலும், 1969-இல் அமெரிக்காவுக்குச் சென்ற சாதாரண கியர் பீட்டிலிலும் ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு மூட்டுகள் வந்தன. சக்கரத்தைத் தாங்கும் வேலையை டிரெய்லிங் ஆர்ம் ஏற்றது. பழைய பீட்டிலில் இதைப் பொருத்த விரும்புவது நியாயமே. ஆனால் ஆர்மை மட்டும் வாங்கினால் வேலை முடியாது. அதன் உள்முனையைத் தாங்கும் பிராக்கெட்டைச் சேஸியில் வெல்டிங் செய்ய வேண்டும். அது சில மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரத்தின் திசையும் சாய்வும் கெடும். கியர்பாக்ஸும் புதிய தண்டுகளை ஏற்கும் வகையாக இருக்க வேண்டும். பின்பக்க சஸ்பென்ஷன் உதிரிபாகங்களின் தொகுப்பு அல்ல, ஒரே கணக்கு. ஓர் எண்ணை மாற்றினால் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும் என்பதே என் வாதம்.

‘கம்பெனிகளே பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றனவே?’ என்று கேட்கலாம். உண்மைதான். 1976-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 924-இன் பின்பக்க ஆர்ம் பீட்டில் குடும்பத்திலிருந்து வந்ததே. ஆனால் 924-இல் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். எடை இரு பக்கமும் ஏறக்குறைய சமம். அந்தக் காருக்கேற்ற ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பொறியாளர்கள் தேர்ந்து சோதித்தார்கள். அதே குடும்பத்துப் போர்ஷே 944-இன் அகலமான ஆர்மையும் பெரிய பிரேக்கையும் இன்று பீட்டிலில் பூட்டுபவருக்கு அந்தச் சோதனையின் பலன் கிடைக்காது. சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். முன் பிரேக் பழையதாகவே இருக்க, பின் பிரேக் மட்டும் வலுத்தால், அவசரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலக்கூடும்.

‘இப்படி மாற்றிய கார்கள் ஒழுங்காகத்தானே ஓடுகின்றன?’ என்பது அடுத்த கேள்வி. நேர்ச்சாலையில் நிதானமாக ஓடுவது சஸ்பென்ஷனுக்குச் சோதனையே அல்ல. மழையில் ஈரமான வளைவு, குறுக்கே வரும் வண்டி, முழு பாரம் ஆகியவைதான் உண்மையான சோதனை. ஜெர்மனியில் இத்தகைய மாற்றங்களை அங்கீகாரம் பெற்ற நிபுணர் பரிசோதிப்பதும், வண்டியின் ஆவணத்தில் பதிவதும் அதனால்தான். இதை ஆர்வத்துக்குப் போடும் தடை என்று நான் நினைக்கவில்லை. உரிமையாளர் பார்க்கத் தவறியதை இன்னொரு கண் பார்த்துவிடும். மாற்ற விரும்புபவர் ஒரே வடிவமைப்புக் குடும்பத்திலிருந்து முழுத் தொகுதியாக எடுக்கட்டும். வெல்டிங்கைத் தேர்ந்தவரிடம் கொடுக்கட்டும். நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் பார்த்து, பிரேக்கைச் சோதித்த பிறகே சாலைக்கு வரட்டும். இவற்றுக்குப் பணமோ பொறுமையோ இல்லையென்றால், பழைய அமைப்பைச் செம்மையாகப் பராமரித்து அதன் எல்லையறிந்து ஓட்டுவதே மேல்.