படகுத்துறையில் அவசரம் வேண்டாமே!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்கள் பலவும் வேன் பிடித்துக் கோலக்கெடாவுக்குக் கிளம்பிவிடும். அங்கிருந்து பெர்ரியில் லங்காவிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். கடலைக் கண்டு பயப்படும் நாம், படகுத்துறையைக் கண்டு பயப்படுவதில்லை. ஆனால் கூட்ட நாளில் ஆபத்து கரையிலேயே தொடங்கிவிடுகிறது.

1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் பெர்ரி முனையத்தில், பினாங்கின் குவான் யின் வழிபாட்டுக்கும் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் திருவிழாவுக்கும் வந்த மக்கள் ஒரே நேரத்தில் திரண்டார்கள். அளவுக்கு மீறிய கூட்டம் நின்ற மேல்தளம் சரிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். 1,600-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அவர்கள் கடலில் மூழ்கியவர்கள் அல்லர், படகுக்காகக் காத்து நின்றவர்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு சில காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, டிக்கெட். பெருநாள், விடுமுறை நாள் என்றால் இணையத்தில் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். மைகார்டையும் பிள்ளைகளின் மைகிட் அல்லது பிறப்புப் பத்திரத்தையும் ஒருவரே பத்திரமாக வைத்திருக்கட்டும். முகப்பின் முன் நின்று பையைத் துழாவினால் பின்னால் வரிசை நெருக்கும்.

இரண்டாவது, நேரம். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. மணல் சேர்ந்து, நீர் வற்றும்போது பெர்ரி நேரம் மாறியதுண்டு. முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, இறங்குபாலம். கடல் நீர் வற்றியிருந்தால் மிதவை மேடைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகிவிடும். தாத்தா, பாட்டியோடு போகிறவர்கள் நீர் ஏறியிருக்கும் நேரத்துப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் முழங்கால் உங்களை வாழ்த்தும். பாலத்தில் நின்று படம் பிடிக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நிற்க இடம் இருக்காது.

நான்காவது, ஏறும் முறை. வந்த பெர்ரியிலிருந்து ஆட்கள் எல்லாரும் இறங்கட்டும். பிறகு நாம் ஏறுவோம். படகுக்கும் மேடைக்கும் இடையிலுள்ள இடைவெளி அலையில் அகலும், குறுகும். ஆகவே சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கால் வையுங்கள். பெரிய பெட்டியை முதலில் பணியாளரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு கையும் காலியாக இருக்கும். குழந்தையைத் தோளிலும் பையைக் கையிலுமாகத் தாண்டுவது கூடவே கூடாது.

உள்ளே உட்கார்ந்ததும் இரண்டைப் பாருங்கள்: உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது? வெளியேறும் கதவு எந்தப் பக்கம்? பிள்ளைகளின் அளவுக்கு அங்கி இருக்கிறதா என்று பணியாளரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நடைவழியில் பெட்டி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பெர்ரி நிரம்பிவிட்டது என்று பணியாளர் தடுத்தால், "இன்னும் இரண்டு பேர்தானே, ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று வாதாடாதீர்கள். நம்மைப் போலவே இன்னும் பத்துக் குடும்பங்கள் அதையே கேட்கும். அடுத்த பெர்ரிக்குக் காத்திருந்தால் லங்காவியில் கொஞ்ச நேரம் குறையும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குக் கொண்டுபோன புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, கூட்டத்தைவிட்டுத் தள்ளி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பயணம் நலமாக அமையட்டும்!