ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்

160 சதுர அடி என்றால் அகலம் 10 அடி, நீளம் 16 அடி என்று மனத்தில் கொள்ளலாம். பம்பாயில், அதாவது 1995 முதல் மும்பை என்று வழங்கும் மாநகரில், 1920-க்குப் பின் அரசாங்கமே தொழிலாளர்க்கென எழுப்பிய குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ இவ்வளவே. சமையல், குளியல், பிள்ளைகளின் படிப்பு, நோயாளியின் படுக்கை, வந்த விருந்தினரின் உறக்கம் யாவும் இதனுள் அடங்க வேண்டும். இத்துணைச் சிறிய இடத்தில் மூன்று தலைமுறைகள் வாழ முடிந்தது எவ்வாறு? விடையின் பெரும்பகுதி அறையின் வாசற்படிக்கு வெளியே இருக்கிறது.

இத்தகைய கட்டடத்தை மராத்தியில் 'சாள்' என்பர். வரிசையாக அமைந்த அறைகள், அவற்றை இணைத்து ஓடும் பொதுத் தாழ்வாரம், ஒரு புறத்தில் பொதுக் கழிப்பிடம்: இவையே அதன் இலக்கணம். சலங்கைக் கோவைக்கும் அம்மொழியில் இதே சொல் வழங்குகிறது. இரண்டுக்கும் உறவு உண்டோ இல்லையோ, ஒப்புமை அழகாகத்தான் இருக்கிறது. நம்மவர்க்கு உடனே ஒண்டுக்குடித்தனம் நினைவுக்கு வரும். ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. ஒண்டுக்குடித்தனம் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீட்டைப் பின்னர்ப் பலர்க்குப் பங்கிட்டதால் விளைந்தது. கிணறும் முற்றமும் அங்கே முன்னரே இருந்தன. சாளோ தொடக்கத்திலேயே வாடகைக்கென்று, அறைக் கணக்கில் கட்டப்பட்டது.

1854-இல் காவஸ்ஜி தாவர் பம்பாயின் முதல் நூற்பாலைக்கு அடிகோலினார். ஆலைகள் பெருகப் பெருகக் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆடவர் வந்து குவிந்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தோர் பலர் ஓரறையைப் பகிர்ந்து, வேலை முறைக்கேற்ப மாறி மாறி உறங்கினர். 1896-இல் பிளேக் நோய் நகரைப் பிடித்தது. காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகளின்மேல் அதிகாரிகளின் பார்வை அப்போதுதான் விழுந்தது. 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றிற்று. சந்துகளை இடித்துச் சாலை போட்டதும், புறநகர் நிலத்தை மனைகளாக வகுத்ததும் அதன் வேலை. தமிழ்க் குடும்பங்கள் பின்னர்ப் பெருந்தொகையாகக் குடியேறிய மாட்டுங்கா அவ்வாறு உருவானதே. டிரஸ்ட் தானும் சாள்கள் கட்டியது. பரேலில் அதன் சாள் ஒன்றில், இரண்டே அறைகள் கொண்ட குடித்தனத்தில், டாக்டர் அம்பேத்கர் 1912 முதல் 1934 வரை வசித்தார்; வெளிநாட்டில் பயின்ற காலம் போக, அவருடைய முகவரி அதுவே.

அடுத்து வந்தது, கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் 1920-இல் அமைந்த பம்பாய் அபிவிருத்தி இலாகா. நகருக்குள் வரும் பஞ்சுப் பொதி ஒன்றுக்கு 1 ரூபாய் வரி விதித்து, 50,000 அறைகள் கட்டுவதென்று திட்டமிட்டது. நிறைவேறியது அதில் மூன்றில் ஒரு பங்கே. வொர்லியில் 121 கட்டடங்கள், நாய்காமில் 42, இன்று என். எம். ஜோஷி மார்க் எனப்படும் டிலைல் சாலையில் 32, சேவ்ரியில் 12, ஆக 207. தரைத்தளத்தோடு மூன்று மாடி, மாடிக்கு 20 அறைகள், கட்டடத்துக்கு 80. மரச் சட்டங்களில் நின்ற பழைய சாள்களுக்கு மாறாக இவை கான்கிரீட்டால் ஆனவை. வாடகைக்கும் ஆலைக்குள்ள தூரத்துக்கும் அஞ்சி மக்கள் முதலில் வரவில்லை. பல அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

இங்கே கட்டட அமைப்பைச் சற்று உற்று நோக்குதல் தகும். தனியார் கட்டிய பழைய சாளில் தாழ்வாரம் வெளிப்புறமாக, முற்றத்தைப் பார்த்து அமைந்திருந்தது. அதில் நின்றால் எதிர் மாடியில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது தெரியும். கீழே முற்றத்தில் கல்யாணம், கூட்டம், திருவிழா எல்லாம் நடக்கும். கிர்காமில் கேசவ்ஜி நாயக் சாளின் கணேசோற்சவம் 1893-இல் தொடங்கியது. அரசாங்கம் கட்டியபோதோ தாழ்வாரம் உள்ளே போய்விட்டது. நடுவில் ஒரு நடை, இருபுறமும் பத்துப் பத்துக் கதவுகள். செலவு குறைந்தது, ஆனால் நடை பகலிலும் இருண்டது. சுகாதார சாஸ்திரம் கற்ற பொறியாளர்கள் சன்னலை மறக்கவில்லை, மனிதர் உட்காரும் இடத்தை மறந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம். குடிவந்தவர்கள் மறக்கவில்லை. அந்த இருண்ட நடையையே கூடமாக்கி, பாய் விரித்துப் படுத்தனர், அரிசி புடைத்தனர், கதவுகளைப் பகல் முழுதும் திறந்தே வைத்தனர்.

அறையின் உள்ளும் ஒரு சிற்பம் உண்டு. மூலையில் முழங்கால் உயரச் சுவரால் தடுத்த 'மோரி'. பாத்திரம் துலக்குவதும் திரை போட்டுக் குளிப்பதும் அங்கேதான். தலைக்குமேல் பரண், கட்டிலுக்கு அடியில் பெட்டி. பகலில் சுருட்டிய படுக்கை இரவில் தரை முழுவதையும் மூடும். தாழ்வாரம் இல்லையேல் பிள்ளைகள் நிற்கவும் இடமிராது.

1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940-இன் வாடகை நிலையில் தனியார் குடியிருப்புகளை நிறுத்தி வைத்தது. குடியிருந்தோர்க்குப் பாதுகாப்பு, உரிமையாளர்க்கோ பழுது பார்க்க மனமில்லை. அதன் பலனைச் சாய்ந்த படிக்கட்டுகளில் காணலாம்.

கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா (1930–2015) இதிலிருந்து ஒரு பாடம் எடுத்தார். நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் வானம் தெரியும் வெளியும் ஓர் அறைக்குச் சமம் என்பது அவர் வாதம். 1980-களில் நவி மும்பையின் பேலாப்பூரில் அதைச் செய்து காட்டினார். 8 மீட்டர்ச் சதுர முற்றத்தைச் சுற்றி 7 வீடுகள். அத்தகைய மூன்று தொகுதிகளுக்குப் பொதுவாக 12 மீட்டர்ச் சதுரமாக மற்றொரு முற்றம். ஒரு வீட்டுச் சுவர் மற்றொன்றோடு ஒட்டாது. ஆகவே வசதி வந்தபோது அவரவர் விரித்துக் கட்டிக்கொள்ளலாம். பலர் அவ்வாறே இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டனர், முற்றங்கள் எஞ்சியுள்ளன.

நிற்க. அபிவிருத்தி இலாகாவின் சாள்கள் இப்போது ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. 160 சதுர அடிக்கு ஈடாக 500 சதுர அடி வீடு என்பது ஏற்பாடு. வொர்லியில் 2025 ஆகஸ்டில் முதற் குடும்பங்கள் புதிய அடுக்கு மாளிகையின் திறவுகோலைப் பெற்றன. நள்ளிரவில் பொதுக் கழிப்பிடத்துக்கு அஞ்சி அஞ்சிச் சென்ற பெண்களுக்கு, சொந்தக் கழிப்பறை எத்தகைய விடுதலை என்பதைப் பழமையின் பெருமை பேசுவோர் மறக்கலாகாது. எனினும் கீழ்மாடிக் கிழவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடம் நாற்பது மாடி உயரத்தில் எது?

பழைய சாள்களிலும் பழைய குடியிருப்புகளிலும் வசிக்கும் நேயர்கள் பலர்க்கும் புனர்நிர்மாண ஒப்பந்தம் என்றேனும் கைக்கு வரும். அதில் அனைவரும் முதலில் பார்ப்பது கார்ப்பெட் பரப்பு எத்தனை அடி என்பதையே. அடுத்த தாளில் மாடியின் வரைபடம் இருக்கும். ஒரு தளத்துக்கு எத்தனை கதவுகள், அவற்றின் முன்னுள்ள நடை எத்தனை அடி அகலம், அதன் கோடியில் சன்னல் உண்டா, பிள்ளைகள் விளையாடத் தரையில் விட்ட இடத்தை வண்டிகள் பிடித்துக்கொள்ளுமா என்பவற்றையும் கையெழுத்திடுமுன் கேட்டறியலாம். வரைபடத்தைத் திருத்துவது அப்போது எளிது.