தட்டும் தராசும் – 11: சவ அடக்கக்காரரின் சாப்பாட்டுப் பட்டியல்

கார்பை, அதாவது மாவுச்சத்தைக் குறைத்ததும் கரையும் கிளைகோஜன் என்ற உடம்பின் சர்க்கரைச் சேமிப்பையும், அதோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும் தண்ணீரையும் போன வாரமே பார்த்தாயிற்று. மறுபடி விளக்க இடமில்லை. இந்த வாரம் புரதம் என்று சொல்லியிருந்தேன். வரும். ஆனால் அதற்குக் கணக்குத் தேடிப் போன இடத்தில் வில்லியம் பான்டிங் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கட்டுரை அனுப்ப வேண்டிய நேரம் நெருங்குகிறது, மனிதர் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

பான்டிங் டாக்டர் இல்லை. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் சவ அடக்க ஏற்பாடு செய்யும் குடும்பத் தொழில். அதுவும் அரண்மனைச் சாவுகள். மூன்றாம் ஜார்ஜ், நான்காம் ஜார்ஜ், 1861 டிசம்பரில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் என்று வரிசையாக அனுப்பிவைத்தது இவர்கள் கம்பெனிதான். 1852ல் வெல்லிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலமும் இவர்களுடையது. அதற்கென்று செய்த தேர் பத்து டன்னுக்கு மேல் எடை. பன்னிரண்டு குதிரை பூட்டியும் நடுவழியில் மண்ணில் புதைந்து நின்றுவிட்டது. போலீஸ்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து இழுத்தார்கள். புரதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். தெரிந்த பிறகு எழுதாமல் விட மனம் வரவில்லை.

1862 ஆகஸ்டில் பான்டிங் அறுபதைத் தாண்டியவர். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 202 பவுண்டு. நம் கணக்கில் 91 கிலோவுக்கும் மேல். குனிந்து ஷூ நாடா கட்ட முடியாது. மாடிப்படியில் முன்னோக்கி இறங்கினால் முழங்கால் தாங்காது என்று பின்பக்கமாக இறங்குவார். அதுவரை செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. குதிரைச் சவாரி, கடற்காற்று, துருக்கிக் குளியல், ஊற்றுநீர் ஊர்கள், பாட்டில் பாட்டிலாக மருந்து. காலையில் எழுந்து ஆற்றில் இரண்டு மணி நேரம் படகுகூட வலித்திருக்கிறார். கைக்குப் பலம் வந்தது. பசி அதைவிடப் பலமாக வந்தது. ஜிம்மில் சேர்ந்த முதல் மாதம் பரோட்டாக் கடைக்குக் கூடுதலாகப் போனவர்களுக்கு இது புரியும்.

கடைசியில் காது மந்தமாகிவிட்டது என்று வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் போனார். ஹார்வி 1856ல் பாரிஸ் போயிருந்தபோது, கல்லீரல் சர்க்கரை சுரக்கிறது என்ற க்ளோட் பெர்னாரின் கண்டுபிடிப்பைப் பற்றிய பேச்சைக் கேட்டவர். நீரிழிவுக்காரர்களுக்கு மாவையும் சர்க்கரையையும் குறைக்கிறார்களே, குண்டானவர்களுக்கும் ஏன் குறைக்கக் கூடாது என்று யோசித்து வைத்திருந்தார். காதை அடைப்பது கொழுப்புதான் என்று சொல்லிவிட்டு ஒரு தடைப் பட்டியல் கொடுத்தார்: ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு.

சாப்பிடக் கொடுத்த பட்டியல் இன்னும் சுவையானது. காலையில் நாலைந்து அவுன்ஸ் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ மீனோ, பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. மதியம் ஐந்தாறு அவுன்ஸ் கறி, உருளைக்கிழங்கு தவிர எந்தக் காயும், கூடவே இரண்டு மூன்று கிளாஸ் சிவப்பு ஒயின். சாயங்காலம் கொஞ்சம் பழம், ஒன்றிரண்டு ரஸ்க். ராத்திரி மூன்று நாலு அவுன்ஸ் கறி, மறுபடி ஒயின். படுக்கப் போகும்முன் தேவைப்பட்டால் சர்க்கரை சேர்க்காத ஜின்னோ விஸ்கியோ. இப்படி ஒரு பத்தியத்தை எந்த நோயாளிதான் மீறுவான்!

என்னை இந்த வாரம் பிடித்து ஆட்டியது அந்த ஒயின் அல்ல, அவர் எழுதி வைத்த எடைக் கணக்கு. 1862 ஆகஸ்ட் 26: 202 பவுண்டு. 1863 செப்டம்பர் 12: 156. நடுவில் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தராசில் ஏறியிருக்கிறார். பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று பவுண்டு குறைந்திருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோகூட இல்லை. போன வாரம் சொன்ன அந்த முதல் வார மாயம், மூன்று நாலு கிலோ மளமளவென்று இறங்குவது, இவரிடம் கிடையாது. முதல் பன்னிரண்டு நாளில் போனது இரண்டே பவுண்டு. காரணம் ரஸ்க்கிலும் பழத்திலும் இருக்கிறது என்பது என் ஊகம். கார்பைக் குறைத்தாரே தவிர அடியோடு நிறுத்தவில்லை. உள்ளே இருந்த தண்ணீரும் ஒரேயடியாக வெளியேறவில்லை. அவசரமில்லாமல் ஒரு வருஷத்தில் 46 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 21 கிலோ. 1863ல் இதைச் சிறு புத்தகமாக அச்சடித்து, சொந்தச் செலவில் இலவசமாகக் கொடுத்தார். கேட்டு வந்தவர்கள் அதிகமானதும் விலை போட்டு விற்க வேண்டியதாயிற்று.

கார்பைக் குறைக்கும் இந்த உணவுமுறைகளைப் பரப்பியது பெரும்பாலும் மருத்துவ இதழ்கள் அல்ல, இளைத்தவர்கள். பான்டிங் ஹார்வியைவிடப் பெரிய பெயர் ஆனார். தமிழில் பேலியோ என்ற கார்ப் குறைப்பு உணவுமுறை பரவியதும் இதே வழிதான். நியாண்டர் செல்வனின் ‘ஆரோக்கியம் நல்வாழ்வு’ முகநூல் குழுவில் சேர்ந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் யாரோ ஒருவரின் பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் பார்த்துத்தான் உள்ளே போனதாகச் சொல்வார்கள். இன்சுலின் விளக்கமெல்லாம் பிறகு படித்தது.

அப்படி உள்ளே போன மாப்பிள்ளை ஒருவரோடு திண்டுக்கல் பக்கம் பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

“தம்பி, பீஸ் மட்டும் வை. ரைஸ் வேணாம்.”

“அண்ணே, பிரியாணி இருக்கு, குஸ்கா இருக்கு. வெறும் பீஸ் கிடையாது.”

“காசு பிரியாணிக்கே வாங்கிக்கப்பா. சோத்தை மட்டும் வைக்காத.”

சர்வர் கல்லாவைப் பார்த்தான். கல்லாவில் இருந்தவர் குரலைத் தணிக்காமல், “என்ன, சுகரா?” என்றார். பீஸ் வந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒட்டியிருந்த சீரகச் சம்பாவை மாப்பிள்ளை ஆள்காட்டி விரலால் வழித்து இலை ஓரத்தில் சேர்த்தார். கடைசியில் அங்கே ஒரு கைப்பிடி சோறு குவிந்திருந்தது. நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

கல்லாக்காரர் கேட்டது சரியான கேள்வி. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகும் நிலை) வரும் ஆபத்தும் உண்டு. டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமல் இதில் இறங்கவே கூடாது.

சரி, புரதம். பான்டிங்கின் கறியைக் கூட்டினால் நாளுக்கு 12 முதல் 15 அவுன்ஸ், ஏறத்தாழ 340 முதல் 425 கிராம். சமைத்த கறி 100 கிராமில் 25 கிராம் புரதம் என்று வைத்தால் 85 முதல் 105 கிராம். தாராளம். இதையே சைவ வீட்டில் செய்து பாருங்கள். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம். கூடவே 60 கிராம் மாவு வந்துவிடும், ஆகவே பருப்புக்குத் தடை. பனீர் 100 கிராமுக்கு 18தான்; தினம் அரைக் கிலோ பனீர் எந்த வீட்டில் கட்டுப்படியாகும்? அங்கேதான் பேலியோவின் புகழ்பெற்ற நூறு பாதாம் வருகிறது. நூறு பாதாம் சுமார் 120 கிராம். அதில் புரதம் 25 கிராம், கொழுப்போ 60 கிராம், மொத்தம் 700 கலோரி. நெய்யில் வறுத்தால் இன்னும் ஏறும். ‘ஹை புரோட்டீன்’ என்று சொல்லிக்கொண்டு நம்மில் பலர் சாப்பிடுவது உண்மையில் ‘ஹை ஃபேட்’. அதில் பசி அடங்குகிறது, எடையும் இறங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் தசையைக் காப்பாற்ற வேண்டிய புரதம் தட்டில் இருக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, பாதாமைத்தான் எண்ணுகிறோம்.

கார்பைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டைக்கு ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து ஒரு வருஷம் சோதித்து 2018ல் முடிவு வெளியிட்டார்கள். கார்ப் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பு குறைத்தவர்கள் 5.3 கிலோ இளைத்திருந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் என்னோடு சண்டைக்கு வருவார்கள்; வரட்டும்.

கொழுப்பில்லாமல் வெறும் புரதத்தை மட்டும் தின்றால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வாரத்துக்கு வைத்திருந்த விஷயம். இடத்தை சவ அடக்கக்காரர் எடுத்துக்கொண்டார். 1928ல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில், ஒரு வருஷம் இறைச்சி மட்டுமே சாப்பிடுகிறேன் என்று சவால் விட்டுப் படுத்தார் ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி. டாக்டர்கள் முதலில் அவருக்குக் கொழுப்பு நீக்கிய கறியைக் கொடுத்தார்கள். சில நாளிலேயே வயிறு புரட்டி எடுத்துவிட்டது. மீதி அடுத்த வாரம்.