நிமிஷத்துக்கு 60 வார்த்தை: குழந்தை வாசிப்பதாகச் சொல்லும்போது என்ன செய்கிறது?

மூன்றாம் வகுப்பை முடிக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வாசிப்பும் கணக்கும் கைவந்துவிட வேண்டுமென்று மத்திய அரசின் நிபுண் பாரத் இயக்கம் விதித்த 2026-27 என்னும் கெடு நெருங்கியிருப்பதாலும், அதே நோக்கத்தோடு தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் 2025 என்னும் கெடு கடந்துவிட்டதாலும், நாவலூர், சிறுசேரி, தாழம்பூர் வாசகர்களின் கடிதங்களில் ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது: பள்ளியில் நன்றாக வாசிக்கும் குழந்தை, வாசித்தது என்னவென்று வீட்டில் கேட்டால் ஏன் விழிக்கிறது?

விடை அளக்கும் முறையிலேயே இருக்கிறது. 3ஆம் வகுப்பில் நிமிஷத்துக்குக் குறைந்தது 60 வார்த்தைகளை அர்த்தத்தோடு வாசிக்க வேண்டும் என்பது நிபுண் இலக்கு. அர்த்தத்தைக் கடிகாரம் அளக்காது; வேகத்தையே அளக்கும். தமிழிலோ எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள சம்பந்தம் பெரும்பாலும் ஒழுங்கானது ஆகையால், உயிர்மெய்க் குறிகளைப் பழகிவிட்ட குழந்தை, தனக்குச் சிறிதும் விளங்காத வாக்கியத்தையும் தடையின்றி ஒலித்துவிட முடியும். அதைக் கேட்கும் பரிசோதகர் ‘வாசிக்கிறது’ என்று குறித்துக்கொள்ளவும் முடியும். மேலும், விகுதிகளும் துணைவினைகளும் ஒட்டி நீளும் நம் வார்த்தை ஒன்று இந்தியில் இரண்டு மூன்று வார்த்தைகளின் வேலையைச் செய்வதால், எல்லா மொழிக்கும் ஒரே 60 என்பது நியாயமாகாது. 2022இல் 20 மொழிகளில் நடந்த தேசிய ஆய்வு மொழிக்கு மொழி தனி அளவு வகுத்ததே இதற்குச் சாட்சி.

என் கவலை வேறு. எதைக் கேட்டுப் பாராட்டுகிறோமோ அதுவே வாசிப்பு என்று குழந்தை முடிவு செய்துகொள்கிறது. ‘படிக்கிறதுன்னா என்ன கண்ணு?’ என்று கேட்டால், ‘நிறுத்தாம சொல்றது’ என்று அது சொல்வதில் வியப்பென்ன? ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 12 ஐந்து வயதுக் குழந்தைகளோடு பள்ளியின் முதலாண்டிலேயே மும்முறை உரையாடி ஜெஸ்ஸி ரீட் 1966இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்து, வார்த்தை, எண் என்பவற்றையே ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டிருந்த பிள்ளைகளை நமக்குக் காட்டியது. அவர் வேகத்தை அளக்கவில்லை; குழந்தைகளிடமே கேட்டார். சதவீதங்களை வெளியிடும் நம் அதிகாரிகள் அந்தக் கேள்வியையும் கேட்டு, விடைகளையும் வெளியிட வேண்டும்.

கணக்கிலும் இப்படித்தானா? ஆம், நூற்று இருபத்து மூன்றை 100203 என்று எழுதும் குழந்தை காதில் விழுந்ததை ஒழுங்காகவே எழுதியிருக்கிறது, இலக்கத்தின் இடமதிப்புதான் அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு என்றால் பெயிலா? அல்ல, அரும்பு, மொட்டு, மலர் என்பவை கற்ற அளவைக் குறிக்கும் நிலைகள்.

வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகள்? விளங்காத தமிழையும் ஒலித்துவிட முடிவதால், கடிகாரம் முதலில் ஏமாற்றுவது அவர்களைத்தான்.

பெற்றோர் செய்யக்கூடியது? கடைப் பலகையைப் பிள்ளை படித்து முடித்ததும், ‘அங்கே என்ன விற்பார்கள்?’ என்று கேளுங்கள்.