கிணற்றில் குறுக்கிடும் கருங்கல் சுவர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணறு வெட்டும் விவசாயிகள் சில இடங்களில் ஒரு தொல்லையைச் சந்திக்கிறார்கள். வரி வரியான வெளிர்நிறப் பாறையில் வேலை நடந்துகொண்டிருக்கும். திடீரென்று கன்னங்கரிய பாறை ஒன்று குறுக்கே நிற்கும். வெடி வைத்தாலும் லேசில் உடையாது. "இது எங்கிருந்து ஐயா வந்தது?" என்று ஒரு கிணற்று மேட்டில் என்னைக் கேட்டார்கள்.

பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு, மேலுள்ள பாறையின் வெடிப்பில் புகுந்து, அங்கேயே உறைந்து சுவராக நின்றுவிட்டது. இதை 'டைக்' என்பார்கள். கல்லின் பெயர் டோலரைட். கறுப்பு கிரானைட் என்று சில ஊர்களில் வெட்டி விற்பது இதைத்தான். புகுந்த நேரத்தில் அதன் வெப்பம் 1,100 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்திருக்கும்.

செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். தீயை ஒட்டிய கல் கருகிவிடும். சற்றுத் தள்ளி இருப்பது பதமாக வேகும். ஓரத்துக் கல் அரைவேக்காடு. குழம்பை ஒட்டிய பாறையும் இப்படித்தான் தூரத்துக்குத் தக்கபடி வேகிறது. உருகாமலே அதன் கனிமங்கள் புதிதாக அமைகின்றன. களிமண் இறுகி உண்டான பாறை, தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும் கெட்டிக் கல்லாகும். சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும். மெல்லிய சுவரானால் இந்த மாற்றம் சில அங்குலத்தோடு நின்றுவிடும். பெரிய குழம்புத் திரளைச் சுற்றி ஓரிரு கிலோமீட்டர்கூடப் பரவும்.

ஜார்க்கண்டில் உள்ள ஜாரியா நிலக்கரி வயலில் இதைக் கண்ணால் காணலாம். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலக்கரிப் படுகைக்குள் குழம்பு புகுந்தது. அதை ஒட்டிய கரி, வாயு நீங்கி, இயற்கையான 'கோக்' கரியாக மாறிவிட்டது. அவ்வூரார் அதை 'ஜாமா' என்கிறார்கள். சூளையில் அதிகம் வெந்து கருகிய செங்கல்லுக்கும் அங்கே அதே பெயர்தான்!

அப்படியானால் தருமபுரிப் பாறையும் வெந்து மாறியிருக்க வேண்டுமே? பெரிதாக மாறவில்லை. அது முன்பே பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து உருவான பாறை. வெந்த செங்கல்லை மறுபடி சூளையில் வைத்தது போலத்தான்.

விவசாயிக்கு வேண்டியது வேறு. குழம்பு குளிர்ந்து சுருங்கும்போது விரிசல்கள் விழுகின்றன. சுவரும் பழைய பாறையும் சேரும் ஓரத்தில் இவை நிறைந்திருந்தால் அங்கே ஊற்று கிடைக்கும். விரிசலில்லாத சுவரின் நடுவே தோண்டினால் வெடிமருந்துக் காசுதான் நஷ்டம்.

சுவர், நிலச்சரிவுக்குக் குறுக்கே போனால் பூமிக்குள் ஒரு வரப்பு போட்டது போல. நிலத்தடி நீர் மேட்டுப்புறத்தில் தேங்கும். சுவரே உடைந்து விரிசல் கண்டிருந்தால் மட்டும் தண்ணீர் கசிந்து மறுபுறம் போய்விடும்.

வயலில் கறுப்பு உருண்டைக் கற்கள் ஒரே வரிசையில் கிடந்தால் அடியில் இச்சுவர் இருக்கலாம். வரிசையின் மேட்டுப்புற ஓரத்தை முதலில் கவனியுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து, மின்தடை முறையில் நிலத்தடி நீர் ஆய்வு செய்துகொண்டு, அதன்பின் கடப்பாரையைத் தூக்குங்கள்.