ரூ.110 கட்டினால் ரூ.2,600 கிடைக்குமா? ஆன்லைன் போக்கர் டோர்னமெண்ட்: உள்ளே இருக்கும் கணக்கு இதுதான்!

சென்னை:

"சின்ன காசுதானே, போனா போகட்டும். வந்தா லாபம்."

செல்போனில் சீட்டு விளையாட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு குவார்ட்டர் காசு, ஒரு சினிமா டிக்கெட் காசு, அவ்வளவுதான் என்று நினைத்து போக்கர் டோர்னமெண்டில் சேருகிறார்கள். 50 ரூபாய், 100 ரூபாய் கட்டினால் போதும், முதல் பரிசு ஆயிரக்கணக்கில் என்று விளம்பரம் சொல்கிறது.

உண்மையில் இதில் காசு வருமா? திறமை இருந்தால் சம்பாதிக்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விளையாட்டு எப்படி?

போக்கரில் பல வகை உண்டு. அதிகம் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டம்'. ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5 சீட்டு. இந்த 7 சீட்டில் நல்ல 5 சீட்டை சேர்த்தவருக்கே மேஜையில் உள்ள டோக்கன்.

டோர்னமெண்ட் என்றால், எல்லாரும் ஒரே தொகை கட்டி சம அளவு டோக்கன் வாங்குவார்கள். டோக்கன் தீர்ந்தவர் வெளியே. சில நிமிடங்களுக்கு ஒரு முறை கட்டாயப் பந்தயத் தொகை ஏறிக்கொண்டே போகும். அதனால் "நல்ல சீட்டு வரும்வரை சும்மா உட்காரலாம்" என்றால் முடியாது. டோக்கன் தானாகக் கரைந்துவிடும். கடைசி வரை நிற்பவருக்கு முதல் பரிசு.

காசு எங்கே போகிறது?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 100 பேர் சேர்கிறார்கள். ஆளுக்கு 110 ரூபாய். இதில் 100 ரூபாய் பரிசுக்கு, 10 ரூபாய் நடத்துபவருக்கு கமிஷன்.

மொத்த வசூல் 11,000 ரூபாய். ஆட்டம் தொடங்கும் முன்பே நடத்துபவர் 1,000 ரூபாயை எடுத்துவிடுவார். யார் ஜெயித்தாலும், யார் தோற்றாலும் அவருக்குக் கவலை இல்லை. மீதி 10,000 ரூபாய்தான் பரிசு.

முதல் பரிசு 2,600, இரண்டாவது 1,600, மூன்றாவது 1,100. அதன் பிறகு 850, 700, 600, 500, 450, 400 என்று இறங்கும். 10-வது இடம் முதல் 15-வது இடம் வரை ஆளுக்கு 200 ரூபாய். அத்துடன் பரிசுப் பணம் காலி.

மீதி 85 பேருக்கு ஒன்றுமில்லை. பட்டை நாமம்தான்.

200 ரூபாய் வாங்கியவரும் கட்டியது 110. கையில் மிச்சம் 90 ரூபாய். அதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் போனை விட்டு கண்ணை எடுக்காமல் உட்கார வேண்டும்.

சராசரியாகப் பார்த்தால், ஒருவர் 110 கட்டி 100 திரும்ப வாங்குகிறார். ஆட்டத்துக்கு 10 ரூபாய் நஷ்டம். ஒரு நாளைக்கு 2 ஆட்டம், மாதம் 60 ஆட்டம் என்றால் கட்டுவது 6,600 ரூபாய். சராசரியாகத் திரும்புவது 6,000. "600 ரூபாதானே நஷ்டம்" என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். இது சராசரி. பரிசுப் பணத்தில் பாதிக்கு மேல் முதல் மூன்று பேருக்கே போய்விடுகிறது. அந்த மூன்று பேரில் வராதவருக்கு நஷ்டம் இந்த 600-ஐத் தாண்டி எங்கேயோ போகும்.

திறமை இருந்தால்?

"நான் நல்லா ஆடுவேன், எனக்கு இந்தக் கணக்கு பொருந்தாது" என்பது அடுத்த வாதம்.

போக்கரில் திறமை இருக்கிறது, அதை மறுக்க முடியாது. எப்போது விடுவது, எப்போது ஏற்றுவது, எதிராளி எப்படி ஆடுகிறார் என்று படிப்பது எல்லாம் திறமைதான். ஆனால் அந்தத் திறமை பலன் கொடுக்க நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்டம் ஆட வேண்டும். ஒரு நாள் ராத்திரியில் தெரிவது அதிர்ஷ்டம் மட்டுமே.

கையில் வரக்கூடிய சீட்டுகளிலேயே சிறந்தது ஏஸ் ஜோடி. 221 முறை சீட்டு போட்டால் சராசரியாக ஒரு முறைதான் வரும். அப்படி வந்து, எதிராளி கையில் ராஜா ஜோடி இருந்து, இருவரும் முழு டோக்கனையும் வைத்தால்கூட, ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை ராஜா ஜோடிக்காரர் ஜெயித்துவிடுவார். தப்பே செய்யாமல் ஆடியவர் வெளியே போக வேண்டியதுதான்.

சரி, ஒருவர் கெட்டிக்காரர் என்றே வைப்போம். கட்டிய காசில் 20 சதவீதம் லாபம் எடுக்கிறார். அப்படி எடுப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. 110 ரூபாய்க்கு 22 ரூபாய் லாபம். ஆட்டத்துக்கு சராசரி 2 மணி நேரம் என்றால் மணிக்கு 11 ரூபாய் கூலி!

2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். ஏரி வேலைக்குப் போகிற அம்மாவுக்குக் கிடைப்பதில் கால் பங்குதான், தூக்கம் கெட்டு சீட்டு ஆடும் கெட்டிக்காரருக்குக் கிடைக்கிறது. இதுதான் சின்னத் தொகை ஆட்டத்தின் லட்சணம்.

"அப்போ பெரிய தொகை கட்டி ஆடலாமே" என்கிறீர்களா? அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். கம்ப்யூட்டரில் கணக்கு போட்டுப் படித்துவிட்டு வருகிறவர்கள். மேலே போகப் போக சுறா மீன்தான்.

தொடர் தோல்வி சகஜம்!

100 பேரில் 15 பேருக்குப் பரிசு என்றால், தொடர்ந்து 10 ஆட்டம் ஒன்றுமே வராமல் போக ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து 20 ஆட்டம் வெறுங்கையோடு வெளியே வருபவர் 25 பேரில் ஒருவர். அவர் மோசமாக ஆடவில்லை. கணக்கே அப்படி.

ஆனால் 10 முறை தோற்றவர் கணக்கை நினைப்பதில்லை. "விட்டதைப் பிடிக்கணும்" என்றுதான் நினைக்கிறார். 110 ரூபாய் ஆட்டம் 550 ஆகிறது, 550 ரூபாய் 1,100 ஆகிறது. கடன் ஆப், கந்து வட்டி, மனைவியின் தோடு என்று போவது இந்த வழியில்தான்.

இன்னொரு பொறி 'ரீ-என்ட்ரி'. தோற்று வெளியே வந்த அடுத்த விநாடியே "மறுபடி சேரலாமா?" என்று திரையில் பட்டன் வரும். கோபத்தில் இருப்பவர் அமுக்கிவிடுவார். 110 ரூபாய் ஆட்டத்தில் 440 ரூபாய் போனது அன்று ராத்திரி தெரியாது. மாதக் கடைசியில் பேங்க் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

16-வது இடத்தில் வெளியே வருபவருக்கு "ஜஸ்ட்ல போச்சு" என்று தோன்றும். அந்த 'ஜஸ்ட்'தான் மறுநாளும் இழுத்துக்கொண்டு வரும்.

ஆசையைக் கிளப்பிய அமெரிக்கர்

சின்னக் காசில் பெரிய பரிசு வாங்கியவரே இல்லையா? இருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். பெயரே அதுதான்! நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி இணையதளத்தில் தகுதிப் போட்டி ஆடி, அதன் மூலம் 2003-ல் லாஸ் வேகாசில் நடந்த உலகப் போக்கர் தொடருக்குப் போனார். அங்கே முதல் பரிசான 25 லட்சம் டாலரை அள்ளினார். அதன் பிறகுதான் உலகம் முழுக்க ஆன்லைன் போக்கர் சூடு பிடித்தது.

ஆனால் அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். அவருடைய பெயரை இன்றும் சொல்கிறோம். தோற்றவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. லாட்டரி அடித்தவர் படத்தை மட்டும் கடையில் மாட்டுவது போலத்தான் இதுவும்.

வரி வேறு

1.4.2023 முதல் ஆன்லைன் விளையாட்டில் வரும் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் வரி பிடித்தம் வந்தது. 1,000 ரூபாய் நிகர லாபம் என்றால் 300 ரூபாய் வரிக்குப் போனது. 1.10.2023 முதல் கட்டும் பணத்தின் மீதே 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய் போட்டால் சுமார் 22 ரூபாய் வரி. ஆக, ஏற்கனவே நஷ்டமான கணக்கு மேலும் நஷ்டமானது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரம்மி பெருமளவு திறமை சார்ந்த விளையாட்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-லேயே ஒரு வழக்கில் கூறியது. ஆன்லைன் நிறுவனங்கள் இந்தத் திறமை வாதத்தைத்தான் பிடித்துக்கொண்டன.

பலர் கடனாளியாகி தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்ததையடுத்து, தமிழக அரசு 2020 நவம்பரில் அவசர சட்டம் கொண்டுவந்தது. 2021-ல் சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது.

2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பிறகு அக்டோபரில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் ஐகோர்ட்டு சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று கூறி, தடைப் பட்டியலில் இருந்து நீக்கியது. பிறகு 2025-ல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு என்று தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2025 ஜூன் மாதம் ஐகோர்ட்டு அந்த விதிகளை உறுதி செய்தது.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய திருப்பம். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் ஆன்லைன் விளையாட்டு மசோதா நிறைவேறி, 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். திறமையோ, அதிர்ஷ்டமோ, காசு கட்டி காசு ஜெயிக்கும் எந்த ஆன்லைன் விளையாட்டும் கூடாது என்பது இந்தச் சட்டம். நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 லட்சம் வரை அபராதம். காசு இல்லாமல் பொழுதுபோக்காக ஆடுவதற்குத் தடை இல்லை. ஆடியவரைத் தண்டிக்க இந்த மத்திய சட்டத்தில் பிரிவு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் வந்ததும் இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் காசு ஆட்டத்தை நிறுத்தின. சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

வெளிநாட்டு ஆப்... உஷார்!

இப்போது உள்ள ஆபத்து வேறு. டெலிகிராமில் லிங்க் அனுப்புகிறார்கள். "இது வெளிநாட்டு சைட், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்கிறார்கள். அந்த சைட்டில் சீட்டை யார் கலைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எதிரே ஆடுவது மனிதனா, கம்ப்யூட்டரா என்றும் தெரியாது. ஒரே மேஜையில் 3 பேர் போனில் பேசி வைத்துக்கொண்டு ஆடினால் நீங்கள் காலி. ஜெயித்த பணத்தைக் கொடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பணம் கட்டச் சொல்லும் யு.பி.ஐ. நம்பர் அடிக்கடி மாறும். அவை பெரும்பாலும் யாரோ அப்பாவியின் வங்கிக் கணக்கு. "உன் அக்கவுண்டைக் கொடு, மாசம் காசு தர்றேன்" என்று யாராவது கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சைபர் கிரைம் போலீசார் கணக்கை முடக்கினால் உங்கள் சம்பளப் பணமும் சேர்ந்து மாட்டும். வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

ஏற்கனவே விட்டவர்கள் என்ன செய்யலாம்?

* பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுங்கள். 6 மாதத்தில் கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மனக்கணக்கு வேண்டாம். ஜெயித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

* விட்டதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் ஆடாதீர்கள். போன காசு போனதுதான். இருக்கிற காசைக் காப்பாற்றுங்கள்.

* ஆப்பை நீக்குங்கள். யு.பி.ஐ.யில் ஆட்டோ-பே இருந்தால் ரத்து செய்யுங்கள். தினசரி வரம்பைக் குறையுங்கள்.

* வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். கடன் பெருகியபின் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. சொல்ல வந்தவரை வீட்டில் உள்ளவர்களும் திட்டி விரட்டாதீர்கள்.

* ஏமாற்றப்பட்டிருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு உடனே பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

* கடன் ஆப்காரர்கள் போட்டோவை அனுப்பி மிரட்டினால் பயப்படாதீர்கள். மெசேஜை அழிக்காமல் போலீசில் புகார் கொடுங்கள்.

* மனசு உடைந்து விபரீத எண்ணம் வந்தால் தமிழக அரசின் 104, அல்லது 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது.

சீட்டு ஆட ஆசை இருந்தால் லீவு நாளில் வீட்டுத் திண்ணையில், சொந்தக்காரர்களோடு காசு இல்லாமல் ஆடுங்கள். தோற்றால் கிண்டல் மட்டும்தான் மிஞ்சும், கடன் மிஞ்சாது.